வாளிக்குள் ஒரு குற்றம்

லா சாப்பல் மெத்ரோ ரயில் நிலைய வாசலில், வீதி கடக்கும் விளக்கில் சிவப்பு மனிதன் எரியும்போது நிற்கிற ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். மற்ற எல்லோரும் நடப்பார்கள். மரக்கறிப் பை சுமப்பவர்கள், குழந்தை வண்டி தள்ளுபவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், கோயிலில் இருந்து வருகிறவர்கள், ஒருவர் கண்ணிலும் அந்த விளக்குப் படுவதில்லை. அவர் மட்டும் நடைபாதை விளிம்பில் இருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நிற்பார். பின்னால் வேகமாக வருகிறவர்கள் அவருடைய முதுகில் மோதுவார்கள். மோதியவர்களிடம் 'பார்தோன்' என்று மன்னிப்புக் கேட்பவரும் அவராகத்தான் இருப்பார்.

நானும் ஒருநாள் அப்படி மோதினேன். வேலைக்குப் பிந்திப் போய்க்கொண்டிருந்த அவதியில் தமிழிலேயே திட்டியும் விட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "சிவப்பு எரியுது பிள்ளை" என்றார். அவ்வளவுதான் அறிமுகம். பிறகு பார்த்தால், நான் புதிதாகக் குடிவந்த கட்டடத்தில் என் வீட்டுக்கு எதிர்க் கதவு அவருடையது.

அவரை நான் அண்ணை என்றும் அவருடைய மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். அவர்கள் யாழ்ப்பாணத்தின் வடகரைப் பக்கம், நான் மன்னார். அண்ணை ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் கட்டில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர். நான் ஒரு சேலைக்கடையில் காசு வாங்குகிற மேசையில் இருந்தேன். இப்போது நான் செவ்ரான் என்ற புறநகருக்கு வீடு மாறிவிட்டேன். அண்ணையும் அக்காவும் மகள் வேலை பார்க்கும் ஊருக்கு, தெற்கே போய்விட்டார்கள். ஆனாலும் எங்காவது ஓர் அறிவிப்புப் பலகையைக் கண்டால் எனக்கு அவருடைய நினைவுதான் வருகிறது.

பலகை என்றால் அண்ணைக்கு உயிர். பூங்கா வாசலில் தொங்குகிற பலகை, நீச்சல் தடாகத்துப் பலகை, லிப்டுக்குள் ஒட்டியிருக்கும் பித்தளைத் தகடு, குப்பைத் தொட்டியின் மூடியில் இருக்கிற படம், எல்லாவற்றையும் நின்று வாசிப்பார். விளங்காத சொல்லை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து மகளிடம் கேட்பார். மகள் பிரெஞ்சிலேயே பதில் சொல்லுவாள், பாதி விளங்கும், மீதிக்கு என் கதவைத் தட்டுவார். மறுசுழற்சிக்கான மஞ்சள் தொட்டியில் போடுகிற தயிர்க் கோப்பைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துப் போட்ட மனிதர் அந்தத் தெருவில் அவராகத்தான் இருக்க வேண்டும். ஜன்னலில் துணி காயப் போடக் கூடாது என்று கட்டட வாசலில் எழுதியிருந்தது. அக்கா ஒருநாள் மறந்து ஜன்னல் கம்பியில் ஒரு பிளவுஸைக் காயப் போட்டுவிட்டா. அண்ணை வேலையால் வந்தவர் தெருவில் நின்று மேலே பார்த்தார். சப்பாத்துக் கழற்றாமல் மாடிக்கு ஓடினார். உள்ளே என்ன நடந்ததோ, அடுத்த நிமிடம் பிளவுஸைக் காணவில்லை.

"ஏன் அண்ணை இப்படிப் பயப்படுறியள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பயமோ?" அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "பயம் அங்கை. எந்தச் சட்டம் எந்த நேரம் எங்கடை தலையிலை விழுமெண்டு தெரியாமல் ஓடினனாங்கள். இஞ்சை எழுதித் தொங்க விட்டிருக்கிறாங்கள். வாசிச்சால் காணும், நிம்மதியாப் படுக்கலாம். இதைவிட ஒரு மனிசனுக்கு வேறை என்ன வேணும்?"

அதை நான் அன்றைக்கு எதிர்பார்க்கவில்லை. சட்டம் ஒருவருக்குத் தலையணையாக இருக்கலாம் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆனால் அவருக்கு இன்னொரு பேச்சும் இருந்தது. "நாங்கள் இஞ்சை விருந்தாளியள்." எதற்கெடுத்தாலும் இதைத்தான் சொல்லுவார். நாங்கள் சத்தமாகக் கதைத்தால், வரிசையில் யாராவது இடையில் புகுந்ததைத் தட்டிக் கேட்டால், தொலைக்காட்சியில் ஏதாவது வாக்குவாதம் நடந்தால். என் வீட்டுக்கு வந்தாலும் கதிரையின் முன் விளிம்பில்தான் இருப்பார். சாய மாட்டார். அவருடைய சொந்த வீட்டிலும் அப்படித்தான். சோபாவின் பின்பக்கத் துணி மட்டும் கடையில் வாங்கினபடி புதிதாகவே இருந்தது.

இந்தச் சட்டப் புத்தியால் ஒருதரம் எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. ஜெர்மனியில் இருந்து என் அண்ணி பிள்ளைகளோடு வந்து சில நாள் தங்கினா. அண்ணை மெதுவாக வந்து கதவைத் தட்டி, "பிள்ளை, வீட்டு வாடகைக் கொந்த்ராப் பத்திரத்திலை இத்தினை பேர் இருக்கலாமெண்டு இருக்கோ?" என்றார். அண்ணிக்கு முன்னால் கேட்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்தில், "நீங்கள் என்ன, பொலிஸோ?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினேன். மனுசனுடைய மூக்கில் ஒரு குத்து விடலாம் போல இருந்தது. அடுத்த நாள் காலை மறுபடி தட்டல். திறந்தால் அண்ணை, முகமெல்லாம் வெளிச்சம். "கட்டடக் காவல்காரியிட்டைக் கேட்டனான். சொந்தக்காரர் வந்து தங்கலாமாம், ஒரு பிரச்சினையும் இல்லையாம். நீங்கள் நிம்மதியா இருங்கோ." நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். நித்திரை கொள்ளாமல் கிடந்தது அவர்தான்.

அப்படிப்பட்டவர் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். இரண்டாவது முறை. முதல் முறை, ஒரு வருடம் வரிக் கணக்கைப் பிந்திக் கொடுத்ததற்காக ஒத்தி வைத்துவிட்டார்கள். பிந்தியதற்குக் காரணம் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பிந்தினது பிந்தினதுதானே" என்றார். அந்தத் தடவை அக்கா சில நாட்கள் அவரோடு கதைக்கவே இல்லை. இந்த முறையும் ஏதாவது கறுப்புப் புள்ளி விழுந்தால், இனி அவர் மூன்றாம் முறை கேட்க மாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்துவிடுவார்.

நேர்முகத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் எக்ரவிஸ் வந்தது.

எக்ரவிஸ் என்பது எங்கள் சிங்கி இறாலின் குட்டித் தம்பி. ஆற்றிலும் குளத்திலும் இருக்கும். விரல் நீளம், முன்னால் இரண்டு கொடுக்கு. சலவைப் பகுதியில் அண்ணையோடு வேலை செய்த ஒரு பிரெஞ்சுக்காரர் ஞாயிறுகளில் மீன்பிடிக்கிறவர். வடக்கே ரயிலில் போகிற தூரத்தில் ஓர் ஏரி இருக்கிறது, அதில் லூசியானா எக்ரவிஸ் என்று சிவப்பாக ஒரு சாதி பெருகிக் கிடக்கிறது, அது வெளியிலிருந்து வந்த பீடை, மீன்பிடி அட்டை இருந்தால் யாரும் பிடிக்கலாம், எவ்வளவு பிடித்தாலும் நல்லது என்று அவர் சொல்லியிருக்கிறார். அண்ணை அன்றைக்கு வீட்டுக்கு வந்த கோலத்தை நான் மறக்க மாட்டேன்.

"பிள்ளை, பிடியுங்கோ பிடியுங்கோ எண்டு சட்டமே சொல்லுதாம்!"

வாழ்நாள் முழுக்க 'கூடாது' என்ற பலகைகளையே வாசித்த மனிதருக்கு, 'செய்' என்று ஒரு சட்டம் கிடைத்துவிட்டது. உடனே மகளைக் கொண்டு மீன்பிடி அட்டை எடுத்தார். அகதி அட்டைக்கு முன்னால் அதை வைத்துக்கொண்டு, கேட்காதவர்களுக்கும் எடுத்துக் காட்டினார்.

தேர்த் திருவிழா முடிந்து விரதம் விட்ட கையோடு கூழ் காய்ச்சுவது அக்காவின் வழக்கம். ஊரிலிருந்து வந்த யாரோ, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். கூழில் போடுகிற நண்டுக்குப் பதிலாக இந்த முறை எக்ரவிஸ் என்று முடிவானது. ஆனால் அக்காவிடமும் ஒரு சட்டம் இருந்தது. அது எந்தப் பலகையிலும் எழுதாத சட்டம். கொடுக்கு உள்ள எதுவும் உயிரோடு வீட்டுக்கு வர வேண்டும். கடையில் நண்டு வாங்கும்போது அக்கா அதன் கண்ணை விரலால் தட்டிப் பார்ப்பா. கண் மடங்கினால்தான் வாங்குவா. "செத்த நண்டு என்ரை சட்டிக்குள்ளை போகாது. வயித்தைக் கலக்கும்" என்பா. கரையோரப் பெண், இதில் அவவோடு யாரும் வாதாட முடியாது.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் வாளியோடு ஏரிக்குப் போனோம். கரையில் வழக்கம் போல ஒரு பலகை. அண்ணை நின்றார். நாங்களும் நின்றோம், வேறு வழி? பலகையின் கீழ்ப்பாதியை முட்செடி மூடியிருந்தது. மேல்பாதியை அவர் இரண்டு முறை வாசித்தார். எத்தனை வலை போடலாம், எந்த நேரத்தில் பிடிக்கலாம், பிடித்த லூசியானா எக்ரவிஸைத் திரும்பத் தண்ணீரில் விடக் கூடாது. "விடக் கூடாதாம்," என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாத்தையும் கொண்டு போகத்தான் வேணும்."

வட்ட வலைகளில் கோழிக் கழுத்தைக் கட்டி இறக்கினோம். அதைப் பிடிப்பதற்குத் திறமை ஒன்றும் வேண்டாம். தூக்குகிற ஒவ்வொரு வலையிலும் நாலைந்து தொங்கிக்கொண்டு வந்தன. அண்ணை சிறுபிள்ளை போலச் சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் வெளியிடத்தில் சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பின்னேரம் வாளி நிறைந்தது. செத்துவிடக் கூடாது என்று ஈரத் துவாயால் மூடி, இடைக்கிடை போத்தல் தண்ணீர் தெளித்து, பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவது போல ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

பியர்ஃபித் நிலையத்தைத் தாண்டும்போது துவாயின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு ஒன்று வெளியே இறங்கியது. இறங்கி, பெட்டியின் நடுவழிக்குப் போய், இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு டிக்கெட் பரிசோதகர் மாதிரி நின்றது. எதிரே இருந்த இளைஞன் இரண்டு காலையும் இருக்கைக்கு மேலே தூக்கினான். யாரோ கிறீச்சிட்டார்கள். நான் என் சால்வையைப் போட்டு அதை அமுக்கினேன். அண்ணை பெட்டியில் இருந்த எல்லோரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கதவோரம் சைக்கிளோடு நின்ற ஒரு வயதான பிரெஞ்சுப் பெண்மணி வாளிக்குள் எட்டிப் பார்த்தா. குரலில் கோபம் இல்லை. "இவை உயிரோடு இருக்கின்றனவே, ஐயா. உயிரோடு கொண்டுபோவது தடை. பிடித்த இடத்திலேயே கொன்றுவிட வேண்டும்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் தமிழில் சொன்னேன். அவருடைய முகத்தில் இருந்த இரத்தம் எங்கே போனதோ தெரியவில்லை. அந்த அம்மா தொடர்ந்து விளக்கினா. இவை அமெரிக்காவில் இருந்து வளர்த்து விற்பதற்காகக் கொண்டுவரப்பட்டவை. தப்பிப் போய்ப் பெருகிவிட்டன. மீன் முட்டை, தவளை முட்டை எல்லாவற்றையும் தின்னும், கரையைத் தோண்டிச் சரிக்கும், இங்கேயே இருந்த வெள்ளைக்கால் எக்ரவிஸுக்கு நோயைக் கொடுத்துக் கொன்றுவிடும். வாளியில் கொண்டுபோகிறவர்கள் ஒன்றிரண்டைத் தவற விடுவதால்தான் ஒரு குளத்தில் இருந்து இன்னொரு குளத்துக்குப் பரவுகின்றன. அதனால் உயிரோடு வைத்திருப்பது, வளர்ப்பது, கொண்டுபோவது, விடுவது எல்லாமே தடை.

நடுவழியில் நின்ற ஒன்றை எல்லோரும் பார்த்திருந்தார்கள். வாதாட ஒன்றும் இல்லை.

"பலகையிலை இல்லையே பிள்ளை," என்றார் அண்ணை. இருபது வருடம் நம்பின ஒருவர் கைவிட்டது போல இருந்தது அவருக்கு. "நான் வாசிச்சனானே. வாசிச்சனான்."

"கீழ்ப்பாதி முள்ளுக்குள்ளை இருந்தது அண்ணை."

அவர் விரல்விட்டு எண்ணினார். திரும்பக் கொண்டுபோய் ஏரியில் விட்டால் குற்றம். வீட்டுக்குக் கொண்டுபோனால் குற்றம். வாளியை மடியில் வைத்துக்கொண்டு இந்த இருக்கையில் இருப்பதும் குற்றம். ரயில் ஓடிக்கொண்டிருந்தது, குற்றமும் ஓடிக்கொண்டிருந்தது. "அடுத்த மாதம் நேர்முகம்," என்று அக்கா மெல்லச் சொன்னா.

கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், நடைபாதையில் இரண்டு காவலர்கள். எங்கள் ஆட்கள் அவர்களைக் கண்டால் இயல்பாகவே எதிர்ப்பக்கத்துக்கு மாறுவார்கள், பைக்குள் ஒன்றும் இல்லாவிட்டாலும். அண்ணை நேராக அவர்களிடம் போனார்.

"இஞ்சேருங்கோ, விசரோ உங்களுக்கு?" என்று அக்கா கையைப் பிடித்து இழுத்தா. "பேசாமல் வாங்கோ வீட்டை போவம்."

"வீட்டை போற ஒவ்வொரு அடியும் குற்றம்," என்றார் அண்ணை. வாளியைக் காவலர்களுக்கு முன்னால் வைத்தார். அகதி அட்டை, மீன்பிடி அட்டை, பயண அட்டை எல்லாவற்றையும் விசிறி மாதிரி விரித்துக் கையில் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த மிக மரியாதையான பிரெஞ்சில், "ஐயா, நான் ஒரு குற்றம் செய்துகொண்டிருக்கிறேன்," என்றார்.

இளைய காவலர் துவாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனார். மூத்தவர் சிரித்தார். கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையில் எங்களை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள் என்றார். அதோடு நாங்கள் தப்பியிருக்கலாம். ஆனால் அண்ணை, "இல்லை ஐயா, இது தடை. தயவுசெய்து பாருங்கள்," என்றார். இளையவர் கைபேசியில் பார்த்தார். பார்த்துவிட்டு மூத்தவருக்குக் காட்டினார். மூத்தவருடைய சிரிப்பு நின்றது. சிறை என்றும் பெரிய அபராதம் என்றும் அதில் எழுதியிருந்ததை நானும் எட்டிப் பார்த்தேன். மனுசனைப் பிடித்து அந்த வாளிக்குள்ளேயே அமுக்கியிருப்பேன், அவ்வளவு ஆத்திரம்.

"இவற்றைக் கொல்ல வேண்டும்," என்றார் மூத்தவர்.

"இங்கேயா?" என்று அண்ணை கேட்டார்.

"இங்கே இல்லை!" சின்னப் பிள்ளைகளோடு ஒரு குடும்பம் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. மூத்தவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கொல்லாமல் அசைய முடியாது, அசையாமல் கொல்ல முடியாது. ஐந்து பேரும் வாளியைச் சுற்றி நின்றோம். ஒரு துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி.

அக்காதான் அதை முடித்துவைத்தா. வாளியைத் தூக்கினா. பத்து அடி தள்ளி ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை, முதலாளி எங்களுக்குத் தெரிந்தவர். நேரே சமையலறைக்குள் போனா. நாங்கள் பின்னால், காவலர்கள் எங்களுக்குப் பின்னால். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் காவலர்களைக் கண்டதும் கொத்துரொட்டியை அப்படியே விட்டு எழும்பப் பார்த்தார்கள். அடுப்பில் பெரிய பானையில் சோற்றுக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா துவாயை எடுத்துத் தோளில் போட்டா, வாளியைக் கவிழ்த்தா. எல்லாம் ஒரு கணத்தில் இரத்தச் சிவப்பாக மாறின.

"அவங்கடை சட்டம் கொல்லச் சொல்லுது," என்றா அக்கா, கையைத் துவாயில் துடைத்துக்கொண்டு. "என்ரை சட்டம் உயிரோடை சட்டிக்குள்ளை போகச் சொல்லுது. ரெண்டும் சரி வந்திட்டுது. பிறகென்ன?"

நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். மூத்த காவலர் பெருமூச்சு விட்டார். அண்ணை வெறும் வாளியைக் கையில் எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து அவர்களுக்குக் காட்டினார். பிறகு, எல்லாம் செத்துவிட்டன என்று எழுதித் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார்கள். முதலாளி கொடுத்த இரண்டு மீன் ரோல்ஸைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

கூழ் அந்தக் கடையிலேயே காய்ச்சப்பட்டது. வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும் குடித்தார்கள். கொஞ்சம் மண் வாசம் அடித்தது, ஆனால் யாரும் அக்காவிடம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அண்ணை தனியாக அந்த ஏரிக்குப் போய், பலகையை மூடியிருந்த முட்செடியை விலக்கிக் கயிற்றால் பின்னால் கட்டிவிட்டு வந்தார். "வெட்டியிருக்கலாமே?" என்றேன். "வெட்டலாமோ எண்டு பலகையிலை இல்லை," என்றார்.

நான் அவரைச் சீண்டுவதற்காக, "பாவம் அண்ணை, அதுகளும் எங்களை மாதிரி வெளியிலையிருந்து வந்ததுகள்தானே?" என்று ஒருநாள் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் அகதிக் கார்த் எடுத்தனான் பிள்ளை. உதுகள் எடுத்ததுகளோ?"

நேர்முகத்துக்கு முந்திய வாரம் முழுக்க அக்கா அவரைப் பழக்கினா. சட்டத்தோடு ஏதாவது பிரச்சினை இருந்ததா என்று கட்டாயம் கேட்பார்கள். 'இல்லை மதாம்' என்று சொல்ல வேண்டும். பொய் இல்லை, யாரும் எழுதவில்லை, யாரும் தண்டிக்கவில்லை. அண்ணை கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். 'இல்லை மதாம். இல்லை மதாம்.' எதிர்க் கதவு வரைக்கும் கேட்டது.

அன்று அக்காவும் நானும் பிரெஃபெக்ச்சூர் அலுவலகத்துக்கு வெளியே ஒரு மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். அக்கா உதடு அசையாமல் தேவாரம் சொன்னா, நான் என் பங்குக்குச் செபமாலை உருட்டினேன். அண்ணை வெளியே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"கேட்டவங்களோ?" என்றா அக்கா.

"கேட்டவ."

"என்ன சொன்னனீங்கள்?"

அண்ணை நிலத்தைப் பார்த்தார். "எல்லாத்தையும் சொன்னனான்."

அக்கா வாங்கில் சரிந்து இருந்தா. நான் அண்ணையைப் பார்த்த பார்வையில் அவர் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். "வாய் வரேல்லை," என்றார். "இல்லையெண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தனான். எக்ரவிஸ் எண்டு வந்திட்டுது."

பிறகு நடந்ததை அவர் சொல்லச் சொல்ல நாங்கள் பிடுங்கி எடுத்தோம். அந்த அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டா. ஏரி, பலகை, ரயில், காவலர், சோற்றுப் பானை எல்லாவற்றையும் கேட்டா. ஒன்றாவது தப்பியதா என்று கேட்டா. இல்லை மதாம். சாப்பிட்டீர்களா என்று கேட்டா. ஓம் மதாம். எப்படி இருந்தது என்று கேட்டா.

"நல்லா இருந்ததெண்டு சொன்னீங்கள்தானே?" என்றா அக்கா.

"மண் வாசம் அடிச்சதெண்டு சொன்னனான்."

அக்கா அன்றைக்குத்தான் அதைக் கேள்விப்பட்டா.

கடைசியாக, ஏன் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறா. அதற்கு மகள் அழகாக ஒரு பதில் எழுதிப் பாடமாக்கிக் கொடுத்திருந்தாள், குடியரசு, சமத்துவம் என்றெல்லாம். அண்ணைக்கு அது மறந்துவிட்டது. "இருபது வருசமா விருந்தாளியா இருந்து முதுகு நோகுது மதாம் எண்டு சொன்னனான்," என்றார். "அவ பைலை மூடிப்போட்டுப் போகச் சொன்னா."

பைலை மூடிவிட்டா என்றால் என்ன அர்த்தம்? அதை வைத்து நாங்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்தோம். அக்கா, எல்லாம் எக்ரவிஸால் போனது என்று முடிவு கட்டி, வீட்டில் இறால்கூட வாங்குவதை நிறுத்தினா. அண்ணை வழக்கம் போலத் தயிர்க் கோப்பை கழுவினார், வழக்கம் போலச் சிவப்பில் நின்றார். ஆனால் பலகைகளை நின்று வாசிப்பது குறைந்துவிட்டது. நடந்துகொண்டே ஒரு பார்வை, அவ்வளவுதான். எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஒரு பின்னேரம் நான் கடையால் வந்து மெத்ரோ வாசலில், வீதியைக் கடக்க நின்றேன். மேல்பாலத்தில் ரயில் இரைந்துகொண்டு ஸ்டாலின்கிராட் நிலையப் பக்கம் போனது. எதிர்க்கரையில் அண்ணை, கையில் கறிக்கு வாங்கின ஒரு வாழைப்பொத்தி. சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். பிறகு நடைபாதையில் இருந்து இறங்கினார்.

"அண்ணை, சிவப்பு!" என்று நான் கத்தியே விட்டேன்.

அவர் நிற்கவில்லை. அவசரப்படவும் இல்லை. வீதியின் நடுவில் நடந்து, கல்யாண மண்டபத்துக்குள் வருகிறவர் மாதிரி என்னிடம் வந்து சேர்ந்தார்.

"பாத்தனான் பிள்ளை," என்றார். "வண்டி ஒண்டும் வரேல்லைதானே."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்டேன். "குடியுரிமை வந்திட்டுதோ அண்ணை?"

"ஓம்," என்றார். "காலமை வந்தது."

அந்த இடத்திலேயே நான் அழுதேன். அத்தனை மாதமும் நெஞ்சுக்குள் கிடந்த கல் ஒன்று விழுந்தது போல இருந்தது. போகிற வருகிறவர்கள் எங்கள் இருவரிலும் மோதிக்கொண்டு போனார்கள், அண்ணை ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அக்கா திரும்ப இறால் வாங்கச் சொல்லிவிட்டாவாம். மகள் தொலைபேசியில் பிரெஞ்சில் அழுதாளாம், அது முழுக்க விளங்கியதாம்.

இருவரும் கதைத்துக்கொண்டே வீட்டுப் பக்கம் நடந்தோம். அடுத்த முனையிலும் சிவப்பு. நான் பேச்சு மும்முரத்தில் இறங்கிவிட்டேன். பக்கத்தில் ஆளைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், அண்ணை நடைபாதை விளிம்பில் இருந்து ஒரு சாண் உள்ளே, வாழைப்பொத்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன அண்ணை, இனி நீங்கள் விருந்தாளி இல்லையே?"

"அதுதான் பிள்ளை," என்றார். "ஒருக்கால் கடந்து பாத்திட்டன். இனி இது எங்கடை சட்டம்."

நான் திரும்பி வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றேன். பச்சை எரியும் வரைக்கும் நின்றேன்.